முதலில் ஒரு வருடம் கிணறு அள

அன்பு மகளுக்கு,

சுற்றாடல் பட்டப்படிப்பின் கடைசிப் பரீட்சை முடிந்ததும் முதுமாணிக்குப் பதிவதா, வேலை தேடுவதா என்று கேட்டிருந்தாய். இரண்டுக்கும் முன்னால் செய்ய ஒன்று இருக்கிறது. ஊருக்கு வந்து ஒரே விடயத்தை ஒரு வருடம் ஒழுங்காக அள. இன்னொருவர் நம்பி எடுத்துப் பயன்படுத்தக்கூடிய தரவாக அது இருக்கவேண்டும். பட்டம் உன்னோடு படித்த எல்லாரிடமும் இருக்கும். பிழையில்லாத களப்பதிவு வைத்திருப்பவர்களைத்தான் தேடவேண்டியிருக்கிறது.

எதை அளப்பது என்று யோசிக்கத் தேவையில்லை. வழுக்கியாறும் மாரியில் மட்டும் ஓடுகிற யாழ்ப்பாணக் குடாநாடு இது. குடிப்பதற்கும் தோட்டத்துக்கு இறைப்பதற்கும் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல்லுக்குள் நிற்கும் தண்ணீரையே நம்பியிருக்கிறோம். அந்த நன்னீர் கீழே கிடக்கும் உவர்நீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய நாற்பது அடி இருக்கும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. துவாரமும் குகையுமான எங்கள் கல்லில் அது அப்படியே பொருந்தாது. ஆனாலும் மேலே கொஞ்சம் இறைக்கக் கீழே உப்பு நிறைய ஏறும் என்பது மாறாது.

வலிகாமத்தில் ஐந்தாறு கிணறு போதும். வெங்காயத் தோட்டத்துக்குள் இரண்டு, வீடுகள் நெருக்கமான இடத்தில் இரண்டு, கடற்கரையோரம் ஒன்று. இருபது கிணற்றோடு தொடங்குகிறவர்கள் மூன்றாம் மாதத்தில் விட்டுவிடுவார்கள். கிணற்றுக்கட்டில் பெயின்ரால் ஒரு புள்ளி வைத்து, நிலத்திலிருந்து அதன் உயரத்தையும் குறித்துக்கொள். நீர்மட்டத்தை எப்போதும் அந்தப் புள்ளியிலிருந்தே அள. விடியற்காலையில், மோட்டார் போட முதல் போகவேண்டும். இறைத்த கிணற்றில் மட்டம் தற்காலிகமாக இறங்கி நிற்கும். அதை எழுதினால் உன் வரைபடம் தோட்டக்காரர் இறைத்த நேரத்தைத்தான் காட்டும்.

தண்ணீரின் உப்பைக் காட்டும் மின்கடத்துதிறன் மானியை ஒவ்வொரு களநாளும் 1413 மைக்ரோசீமன்ஸ் நியமக் கரைசலில் சரிபார்த்து, வாசிப்பு 25 பாகை செல்சியசுக்குத் திருத்தப்படுகிறதா என்றும் பார். வாளியால் அள்ளி மட்டும் அளக்காதே. மேல்தண்ணீர் நல்லதாக இருக்க, அடியில் உவர் ஏறியிருக்கும். வாளி இரண்டையும் கலக்கிவிடும். மேலே ஒன்று, அடியிலிருந்து ஓரடி உயரத்தில் ஒன்று என இரண்டு வாசிப்பு எடு.

நைத்திரேற்றுக்குப் புரட்டாதிக் கடைசியில், மழைக்கு முதல் ஒரு மாதிரி எடு. பிறகு கார்த்திகைப் பெருமழை கழிந்து, தையில், சித்திரையில். மண்ணில் தங்கிய யூரியாவும் எருவும், அடி பூசாத மலசலகூடக் குழிகளின் கழிவும் மழையோடுதான் இறங்கும். ஒரே ஒரு மாதிரியை வைத்து “இந்தக் கிணறு கெட்டது” என்று எழுதுகிற அறிக்கைகளைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வரும். போத்தலை அதே தண்ணீரால் மூன்று தரம் அலசி நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து, 48 மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடத்தில் சேர்.

அலசுவது எல்லாவற்றுக்கும் பொருந்தாது. கிருமிப் பரிசோதனைக்குத் தொற்றுநீக்கிய போத்தலை அலசவே கூடாது. மேலே கொஞ்சம் வெற்றிடமும் விடவேண்டும். எண்ணெய் கலந்திருக்கிறதா என்று பார்க்கக் கண்ணாடிப் போத்தல்தான். எண்ணெய் சுவரில் ஒட்டும் என்பதால் முதல் அள்ளிய தண்ணீரையே நேராக நிரப்பவேண்டும். அலசி ஊற்றினால் தேடுகிற பொருளின் அளவே பிழைத்துவிடும்.

முடிவு வந்ததும் அலகைப் பார். சில ஆய்வுகூடம் நைத்திரேற்று என்று தரும், சில நைத்திரேற்று நைதரசன் என்று தரும். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை நைத்திரேற்றாக லீற்றருக்கு 50 மில்லிகிராம். நைதரசனாகச் சொன்னால் அதே எல்லை ஏறக்குறைய 11. நைதரசன் கணக்கை 4.43 ஆல் பெருக்கவேண்டும். இதைக் கவனியாதவர்கள் 20 என்ற வாசிப்பைப் பார்த்துப் “பயமில்லை” என்று எழுதிவிடுவார்கள்.

முடிவை முதலில் கிணற்றுக்காரரிடம் தனியாகச் சொல். பேப்பரில் பார்த்து அறிந்தால் அடுத்த முறை படலை திறக்கமாட்டார்கள், அது நியாயமும்தான். போத்தல்பால் குடிக்கிற குழந்தைக்குத்தான் நைத்திரேற்றால் கூடிய ஆபத்து. அப்படிக் குழந்தை உள்ள வீடானால், கொதிக்கவைத்தாலும் நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்றச் செறிவு கூடும் என்பதைச் சொல்ல மறக்காதே.

கொப்பியில் பென்சிலால் எழுது. மழையில் பேனை ஊறிவிடும். நாள், நேரம், எடுத்தவர், போத்தல் இலக்கம், ஆய்வுகூடத்தில் கொடுத்த நேரம், வாங்கியவர் எல்லாம் வேண்டும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், 2019 இல்தான் தீர்ப்பு வந்தது. வழக்கென்று வந்தால் அளந்து வந்த முடிவை விட, அந்தப் போத்தல் யார் யார் கையால் போனது என்றுதான் முதலில் கேட்பார்கள். இன்னொன்று: போகாத நாளுக்குப் பூச்சியம் போடாதே, வெற்றிடமாக விடு. பூச்சியம் என்றால் பார்த்தும் இல்லை என்று அர்த்தம்.

தையில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும்போது சேர்ந்துகொள். கூட்டமாக நிற்கும் ஊசிவால் வாத்துகளை ஒவ்வொன்றாக எண்ண முயலாதே. பத்தை எண்ணி, அந்தப் பரப்பைக் கண்ணில் பிடித்து, கூட்டத்தின் மேல் வைத்து வைத்துப் போ. சுண்டிக்குளமும் நெடுந்தீவும் 2015 இல் தேசிய பூங்காக்களாகப் பிரகடனப்படுத்தப்பட்டவை. அங்கே ஆய்வென்றால் வனசீவராசிகள் திணைக்களத்தின் எழுத்து அனுமதி வேண்டும். மாதக்கணக்கில் முன்னரே விண்ணப்பி.

கண்டல் (கடலோரச் சேற்றில் வளரும் மரம்) நடுகை என்று ரீசேர்ட்டோடு கூப்பிடுவார்கள். போ, ஆனால் நடும் இடத்தைப் பார். 2017 இல் வெளிவந்த ஆய்வொன்று இலங்கையில் 23 நடுகை இடங்களைப் பார்த்தது; ஒன்பதில் ஒரு கன்றும் மிஞ்சவில்லை. முருங்கைக்காய் போலத் தொங்கும் முளைகளைச் சேர்ப்பது சுகம் என்பதால் எங்கும் அதையே குத்துகிறார்கள், அதுவும் எப்போதும் தண்ணீர் நிற்கும் சேற்றில். வேர் மூச்சுமுட்டிச் சாகும். தப்பியதை மாடு மேயும். பாலம், வீதி மறித்த நீரோட்டத்தைத் திறந்துவிட்டால், அருகில் தாய்மரம் உள்ள இடத்தில் கண்ணா என்ற சேற்றுமரம் தானாகவே முளைக்கும்.

வேலைகளைப் பற்றிச் சுருக்கமாக. மத்திய சுற்றாடல் அதிகாரசபை, வனசீவராசிகள், வன இலாகா எல்லாம் வர்த்தமானி, போட்டிப் பரீட்சை வழிதான், வருடக்கணக்கில் இழுபடும். தொண்டு நிறுவன வேலை திட்டப் பணம் முடிய முடியும். முதல் வேலைக்கு ஆய்வு உதவியாளர் பதவியே நல்லது. காசு கட்டித் தொண்டு செய்யச் சொல்பவர்களிடம் போகாதே. நிலப்படம் வரையும் கியூஜிஐஎஸ் மென்பொருள் இலவசம், இப்போதே பழகு. சிங்களம் பேசப் பழகு. களத்தில் உன்னோடு நிற்கும் உத்தியோகத்தர் பலருக்குத் தமிழ் வராது. மோட்டார் சைக்கிள் லைசன்சும் எடு, அம்மாவோடு நான் கதைக்கிறேன்.

வரும்போது கண்டியில் 1413 கரைசல் இரண்டு சின்னப் போத்தல் வாங்கி வா. பெரியதை வாங்கினால், திறந்து வைத்துப் பாதியில் பழுதாகும். காலாவதித் திகதியையும் பார்த்து வாங்கு.

அன்புடன்,
அப்பா