செதில் போன தங்கமீனுக்கு

அன்புள்ள கவிதாவுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உன் தங்கமீனுக்கு விலாவில் நாலைந்து செதில் போயிருக்கிறது, வாலோரம் கிழிந்திருக்கிறது. தொட்டியிலுள்ள அலங்காரக் கல்லில் உரசியிருக்கும். சதை வெளியே தெரியவில்லை, ஆகவே பிழைக்கும். மருந்து வாங்க ஓடாதே. முதலில் தண்ணீரைக் கவனி.

நன்னீர் மீனின் உடம்பில் வெளித்தண்ணீரைவிட உப்பு அதிகம். தோல் கிழிந்த இடத்தில் தண்ணீர் உள்ளே ஏறும், உடம்பின் உப்பு வெளியே போகும். அதைச் சமாளிப்பதிலேயே மீன் களைத்துவிடும். தண்ணீரில் கொஞ்சம் உப்பு இருந்தால் அந்தப் பாரம் குறையும். உப்பின் வேலை முக்கியமாக இதுதான்.

சோப்பு படாத ஒரு டப்பில் 20 லிட்டர் பிடித்து, மட்டத்துக்கு மார்க்கரால் கோடு போடு. கல், மணல், செடி எதுவும் வேண்டாம். மெட்ரோ குழாய்த் தண்ணீர் என்றால் ஆன்டி குளோரின் (குளோரினை நீக்கும் சொட்டு மருந்து) கட்டாயம். கேன் தண்ணீரை மட்டும் ஊற்றிவிடாதே, அதில் தாதுக்கள் மிகக் குறைவு. சென்னை கொளத்தூர் மீன் கடைகளில் ஸ்பாஞ்ச் ஃபில்டர் கிடைக்கும். ஆனால் புது ஸ்பாஞ்சில், மீன் கழிவில் வரும் அம்மோனியா என்ற விஷத்தைத் தின்னும் பாக்டீரியா இருக்காது. பெரிய தொட்டியில் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பாஞ்சில் ஒரு துண்டை வெட்டி இதில் சேர்த்து வை. மீனை வலையால் பிடிக்காதே, இன்னும் நாலு செதில் போகும். கிண்ணத்தால் தண்ணீரோடு மொண்டு எடு.

அயோடின் சேர்க்காத கல்லுப்பு 20 கிராம், தனியாகக் கரைத்து ஊற்று. 12 மணி நேரம் கழித்து இன்னொரு 20, மறுபடி 12 மணி நேரத்தில் கடைசி 20. லிட்டருக்கு 3 கிராம் ஆகும், அதற்கு மேல் வேண்டாம். ஸ்பூன் கணக்கு கல்லுப்பில் சரிவராது, தராசில் நிறு. எல்லோரும் தப்பு செய்யும் இடம் இனிமேல்தான். தண்ணீர் ஆவியாகிக் குறைந்தால் உப்பு குறையாது, வெறும் தண்ணீரை ஊற்றிக் கோட்டுக்குக் கொண்டுவந்தால் போதும். தினமும் 10 லிட்டர் மாற்றும்போது மட்டும், புதுத் தண்ணீருக்கு 30 கிராம் சேர். பழைய தண்ணீரும் புதுத் தண்ணீரும் ஒரே சூட்டில் இருக்கட்டும்.

முதல் நாள் தீனி வேண்டாம். பிறகு இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு மட்டும். மிச்சம் கிடந்தால் அம்மோனியா ஏறும், புண் ஆறாது. மஞ்சள்தூள் போடச் சொல்வார்கள். எவ்வளவு என்று கேட்டுப் பார், ஆளுக்கொரு கணக்கு சொல்வார்கள். போடாதே.

புண்ணில் பஞ்சு போல வெள்ளையாக முளைத்தால் பூஞ்சை. அப்போதுதான் மெத்திலின் ப்ளூ என்ற நீல மருந்து, பாட்டிலில் எழுதிய அளவில். அது ஸ்பாஞ்சிலுள்ள பாக்டீரியாவையும் கொல்லும், எனவே ஸ்பாஞ்சை எடுத்துவிட்டு காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன் மட்டும் போட்டு, தண்ணீரை இன்னும் தாராளமாக மாற்று. புண்ணைச் சுற்றிச் சிவந்து குழி விழுந்தாலோ, செதில்கள் பலாக்காய் முள் மாதிரி நிமிர்ந்தாலோ, காத்திராமல் மீன் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் காட்டு.

வாலோரத்தில் கண்ணாடி போல மெல்லிய படலம் வந்தால் புதுத் துடுப்பு வளர்கிறது என்று அர்த்தம். புண் ஆறும் இடம் கறுக்கவும் செய்யும், அழுகுகிறதென்று பயந்து மருந்தை ஊற்றிவிடாதே. புண் மூடியதும் உப்பில்லாத தண்ணீராக மாற்றிக்கொண்டே வந்தால் நாலைந்து நாளில் உப்பு இறங்கிவிடும். அதன் பிறகு பெரிய தொட்டிக்கு.

அதற்குள் அந்த அலங்காரக் கல்லை வெளியே எடுத்து, பழைய நைலான் துணியால் எல்லாப் பக்கமும் தடவிப் பார். நூல் எங்கே மாட்டுகிறதோ அங்கேதான் செதிலும் மாட்டியிருக்கும். உப்புத்தாளால் தேய்த்துவிடு, இல்லை தூக்கிப் போடு. நாளைக் காலை வெளிச்சத்தில் இன்னொரு படம் எடுத்து அனுப்பு.

அப்பா