பார்க் கவுண்டியிலிருந்து ஐப்பசிக் கடிதம்

ராக்வில், இந்தியானா
4 நவம்பர் 2025

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் தீபாவளிக்கு மறுநாள் வந்தது. தபால் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபடியே ஒருமுறை படித்தேன். அப்புறம் உள்ளே வந்து காபி கலந்து வைத்துக்கொண்டு இன்னொரு முறை படித்தேன். படித்துறை மண்டபத்தை இடிக்கப்போகிறார்கள் என்று நீ எழுதியிருந்த பக்கத்தை அதற்குப் பிறகும் பலமுறை எடுத்துப் பார்த்துவிட்டேன். அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் இங்கே இந்த ஒரு மாதம் பார்த்ததைச் சொன்னால்தான் நான் சொல்ல வருவது உனக்குப் புரியும். பொறுமையாகப் படி.

முதலில் உன் நெல் என்ன ஆயிற்று? நனைந்துவிட்டது, ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்கமாட்டார்கள் என்று போனில் நீ சொன்னபோது எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. வெயில் கிடைத்ததா? அண்ணன் மறுபடி ரோட்டில் கொட்டிக் காயவைத்தாரா? இங்கேயும் செப்டம்பர் கடைசியிலிருந்து எல்லார் வாயிலும் ஈரப்பதம்தான். மக்காச்சோளம் 15 சதவீதத்துக்கு இறங்கினால்தான் குதிரில் கொட்டி வைக்கலாம், சோயாவுக்கு 13. எங்கள் பக்கத்து நிலத்துக்காரர் ஒரு கைப்பிடி சோயாவைக் கசக்கி, ஒன்றைப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்துவிட்டுத்தான் மிஷினை வயலில் இறக்குகிறார். உன் மாமனார் களத்தில் நின்று நெல்லை நெறித்துப் பார்ப்பாரே, அப்போது அவர் முகம் எப்படி இருக்கும்? அச்சு அசல் அதே முகம்.

இங்கே அறுப்பு ராத்திரியிலும் நடக்கும். சாப்பிட்டுவிட்டுப் பின்வாசலில் உட்கார்ந்தால் வயலில் மிஷினின் விளக்கு மட்டும் போய்ப்போய் வரும். அந்த வெளிச்சத்தில் தூசி புகை மாதிரி எழும்பும். காய்ந்த சோயா நெற்று வாசனை வீட்டுக்குள் வந்துவிடும். எனக்கு அது பிடிக்கும். வயல் வெறுமையானதும் பொறிவண்டுகள் கூட்டம் கூட்டமாகக் குளிருக்கு இடம் தேடி வீட்டுச் சுவருக்கு வரும். ஜன்னல் ஓரமெல்லாம் ஆரஞ்சு நிறத்தில் ஊறும். நசுக்கினால் மஞ்சள் கறை, ஒரு கெட்ட வாடை. அதனால் துடைப்பத்தால் மெதுவாகத் தள்ளி வெளியே விடுகிறேன்.

விலையைச் சொல்ல மறந்தேனே. மே மாதத்திலிருந்தே சீனா இங்கே சோயா வாங்காமல் இருந்தது. அறுத்ததைக் கொடுத்துவிடுவதா, குதிரிலேயே வைத்திருப்பதா என்று தெரியாமல் பல வீடுகளில் தூக்கமில்லை. அக்டோபர் 30ஆம் தேதி இரண்டு நாட்டுத் தலைவர்களும் தென்கொரியாவில் சந்தித்து மறுபடி வாங்கப் பேசியிருக்கிறார்கள். அன்று காலை பக்கத்து வீட்டுக்காரர் வேலியருகே வந்து நின்று இவரிடம் அதைச் சொன்னபோது குரலில் ஒரு தெம்பு இருந்தது. விளைவிப்பது நம் கையில், விலை யார் கையிலோ. அந்தக் கவலை உனக்குத் தெரியாததா!

சரி, திருவிழாவுக்கு வருகிறேன். இந்தக் கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) மொத்தமே ஏறக்குறைய 16,000 பேர்தான். ஆனால் கூரை போட்ட மரப் பாலங்கள் 31 இருக்கின்றன. 1957இலிருந்து, அக்டோபர் இரண்டாம் வெள்ளிக்கிழமை தொடங்கிப் பத்து நாள் இந்தப் பாலங்களுக்கென்று திருவிழா நடக்கிறது. இந்த ஆண்டு 10ஆம் தேதி ஆரம்பித்து 19ஆம் தேதி முடிந்தது. மறுநாள் நமக்குத் தீபாவளி. பாலத்துக்குக் கூரை எதற்கு என்று நானும் வந்த புதிதில் கேட்டேன். மழையிலும் பனியிலும் திறந்து கிடந்தால் தாங்கும் சட்டங்கள் சில ஆண்டுகளிலேயே இற்றுப்போகும். மேலே கூரையும் பக்கவாட்டில் பலகையும் அடித்துவிட்டால் அதே மரம் நூறு வருஷம் தாண்டி நிற்கும். பாலத்தைக் காப்பாற்றத்தான் கூரை. பல பாலங்களின் நெற்றியில், குதிரையை ஓட்டாமல் நடக்கவிட்டுக் கடந்து போகச் சொல்லி எழுதியிருக்கும். குதிரைகள் தாளம் தப்பாமல் ஓடினால் அந்த அதிர்வு மரச்சட்டங்களுக்கு ஆகாதாம். இன்றைக்கும் இங்கே, நவீன வசதிகளைத் தவிர்த்துப் பழைய முறையில் வாழும் கிறித்தவர்களான ஆமிஷ் மக்களின் குதிரை வண்டிகள் சாலையில் போகின்றன. 1990களில் பென்சில்வேனியாவிலிருந்து வந்து குடியேறியவர்கள். ஒரு நாள் அவர்கள் வண்டியொன்று பாலத்துக்குள் நுழைந்தபோது நான் பின்னால் காரில் நின்றேன். பலகைமேல் குளம்புச் சத்தம் உள்ளுக்குள்ளேயே சுற்றிச்சுற்றி வந்தது. வண்டி அந்தப் பக்கம் வெளியேறி வெகுநேரம் கழித்துத்தான் நான் காரை எடுத்தேன்.

பத்து நாளும் ராக்வில்லில் நீதிமன்றக் கட்டடத்தைச் சுற்றிக் கடைகள். மேன்ஸ்ஃபீல்ட், பிரிட்ஜ்டன் என்று சின்னச் சின்ன ஊர்களிலும் கூட்டம். இவர் டெர்ரா ஹோட் என்ற ஊரில் கல்லூரி முடிந்து வீடு வந்து சேர இரண்டு மடங்கு நேரம் ஆனது. வீட்டு முற்றத்தைக் கார் நிறுத்த விடுகிறவர்கள், ஆப்பிள் விற்கிறவர்கள், பரணில் கிடந்த பழைய சாமானை எடுத்துப் போட்டிருப்பவர்கள் என்று ஊரே தெருவில் இருக்கும். தேவாலயமும் தன்னார்வத் தீயணைப்புக் குழுவும் ஆண்டு முழுவதற்குமான செலவில் ஒரு பங்கை இந்தப் பத்து நாளில் சேர்த்துவிடுகிறார்கள். இங்கே தீயணைக்க வருகிறவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காதவர்கள், தெரியுமா? கடைக்காரர், மெக்கானிக், விவசாயி. சங்கு ஊதினால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவார்கள்.

எனக்கு இந்த ஆண்டு ஆப்பிள் பட்டர் (ஜாம் மாதிரி ஒன்று) கிண்டும் வேலை. சும்மா சொல்லவில்லை, நான் கேட்டு வாங்கிய வேலை. பெரிய செப்புக் கொப்பரை, கீழே விறகடுப்பு. முந்தின நாள் ராத்திரி பத்துப் பதினைந்து பெண்கள் உட்கார்ந்து தோல் சீவி வைத்த ஆப்பிள் அதில் குழைந்துகொண்டிருக்கும். விடியற்காலை ஏற்றினால் மாலைவரை கிண்ட வேண்டும். ஆள் உயரக் கம்பின் நுனியில் குறுக்காகத் துடுப்பு. புகையும் சூடும் முகத்தில் அடிக்காதபடி தள்ளி நின்று கிண்டலாம். எனக்குச் சொல்லிக்கொடுத்த பாட்டிக்கு எண்பதுக்கு மேல் இருக்கும். ஓரமாக இரண்டு சுற்று, நடுவில் ஒரு இழுப்பு, இதுதான் கணக்கு என்று என் கைமேல் கை வைத்துக் காட்டினார். மூன்று மணி நேரத்தில் என் தோள் இற்றுப்போயிற்று. நிறம் மாறிக்கொண்டே வந்தது. முதலில் சந்தன நிறம், அப்புறம் தேன், அப்புறம் புளிக்கரைசல் மாதிரி அடர்ந்த பழுப்பு. பட்டையும் கிராம்பும் கடைசியில்தான் போட்டார்கள். தட்டில் ஒரு துளி விட்டு, அதைச் சுற்றி நீர் கசியாமல் நின்றால் பதம். அந்தத் தட்டைப் பாட்டி என்னிடம் நீட்டியபோது எனக்கு உங்கள் அம்மாவின் ஞாபகம் வந்துவிட்டது. திருவையாற்றில் அசோகா அல்வா கிண்டுவதை நாம் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்போம். வீட்டில் உங்கள் அம்மா கிண்டும்போது அடிபிடிக்கக் கூடாது என்று நம் இரண்டு பேரையும் மாற்றி மாற்றி நிறுத்துவாரே, அதை நினைத்துக் கண் கலங்கிவிட்டது. புகை என்று நினைத்துப் பாட்டி என்னைக் காற்றுக்கு எதிர்ப்பக்கம் நகர்த்தி நிறுத்தினார்.

இனி உன் மண்டபத்துக்கு வருகிறேன்.

நான் ஆப்பிள் கிண்டிய இடம் பிரிட்ஜ்டன். அங்கே ரக்கூன் ஓடையின் மேல் ஒரு பாலம் இருக்கிறது. பக்கத்திலேயே அணையும் பழைய மாவு ஆலையும். அந்தப் பாலத்தை 1868இல் ஜே. ஜே. டேனியல்ஸ் என்பவர் கட்டினார். 2005 ஏப்ரலில் எவனோ தீ வைத்துவிட்டான். முழுவதும் எரிந்து ஓடையில் விழுந்தது. வண்டிகள் போக அருகிலேயே கான்கிரீட் பாலம் உண்டு. எரிந்த பாலம் இல்லாவிட்டால் யாருடைய வேலையும் நின்றுவிடாது. உங்கள் ஊர்க்கூட்டத்தில் கேட்டார்களே, இதை இப்போது யார் பயன்படுத்துகிறார்கள் என்று? அதே கேள்வியை அன்று இங்கேயும் கேட்டிருக்கலாம். இதற்கு மூன்று வருஷம் முன்பு, 2002இல், ஜெஃப்ரீஸ் ஃபோர்ட் பாலம் இதே மாதிரி தீயில் போனது. அது திரும்ப வரவில்லை. ஆனால் பிரிட்ஜ்டனில் ஊர் கூடி நின்றது. மரம் வைத்திருந்தவர்கள் மரம் கொடுத்தார்கள், பணம் இருந்தவர்கள் பணம் கொடுத்தார்கள், மற்றவர்கள் வந்து உழைத்தார்கள். 2006இல் அதே இடத்தில், அதே வளைவும் சட்டமுமாகப் பாலம் எழுந்துவிட்டது. இன்றும் அதில் கார் போவதில்லை. மனிதர்கள் நடந்து போகிறார்கள், அவ்வளவுதான்.

கொப்பரையை இறக்கிய பிறகு அந்தப் பாலத்துக்குள் போய் நின்றேன். எங்களுடன் விறகு எடுத்துப்போட்ட பெரியவர் ஒருவர் கூட வந்தார். உள்ளே ஒரு உத்தரத்தைத் தட்டிக் காட்டி, இதில் என் அப்பா வைத்த மரமும் இருக்கிறது என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. நான் அந்த உத்தரத்தைத் தொட்டுப் பார்த்தேன். இடுக்கு வழியாகக் கீழே தண்ணீர் தெரிந்தது. நம் மண்டபத்தில் மூன்றாம் தூணுக்குப் பின்னால் ஈரப் பாவாடையைப் பிழிந்துகொண்டு குடமுருட்டி ஆற்றைப் பார்ப்போமே, அதே மாதிரி.

அதனால் சொல்கிறேன், நீ கூட்டத்தில் தனியாகப் பேசியதும், அழுதுகொண்டே வீட்டுக்கு வந்ததும் வீணில்லை. யாருக்குப் பயன் என்று கேட்பவர்கள் கெட்டவர்களும் இல்லை. குழந்தை மேல் கல் விழுந்துவிடும் என்ற பயம் நியாயமானதுதான். முதலில் அந்தப் பயத்துக்குப் பதில் சொல். நான்கு பக்கமும் சவுக்குக் கட்டையால் முட்டுக் கொடுத்து, கயிறு கட்டி, யாரும் உள்ளே போகாதபடி செய். அது ஒரு நாள் வேலை. மண்டபத்தில் முளைத்திருக்கும் அரச மரத்து வேரைப் பிடித்து இழுக்க யாரையும் விடாதே, கூடவே செங்கல்லும் வந்துவிடும். வெட்டிவிட்டுக் காயவைத்து மெதுவாகத்தான் எடுக்க வேண்டும். சிமெண்ட் பூசிச் சரிசெய்கிறேன் என்று யாராவது முன்வந்தாலும் ஒத்துக்கொள்ளாதே. சுண்ணாம்பில் கட்டியதைச் சுண்ணாம்பால்தான் சரிசெய்ய வேண்டும். காரைக்குடிப் பக்கம் கடுக்காயும் வெல்லமும் சேர்த்துக் காரை அரைக்கத் தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆற்றங்கரை என்பதால் அரசாங்க அனுமதி வேண்டியிருக்கும். மனுவை எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள். ஊரைவிட்டுப் போன நம் வகுப்புப் பிள்ளைகள் எத்தனை பேர் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள்! எல்லாருக்கும் நான் எழுதுகிறேன். இவரிடம் சொல்லிவிட்டேன். முதல் 50,000 ரூபாய் நாங்கள் அனுப்புகிறோம்.

மற்ற செய்திகள். தீபாவளிக்கு முறுக்கும் ரவா லாடும் செய்து ஏழு வீட்டுக்குக் கொடுத்தேன். அந்த ஆப்பிள் பாட்டி முறுக்கை ஒரு நாளைக்கு ஒன்று என்று எண்ணி வைத்துச் சாப்பிடுகிறாராம். பதிலுக்கு ஒரு வாளி பெர்சிமன் பழம் கொண்டுவந்தார். நம் பனிச்சை மரத்தின் இனம்தான். காயாக வாயில் வைத்தால் நாக்கு அப்படியே இழுத்துக்கொள்ளும். தானாகக் கனிந்து கீழே விழுந்த பிறகுதான் எடுக்க வேண்டும். மசித்துப் பால், முட்டை, மாவு சேர்த்து வேகவைக்கிறார்கள். கொட்டையை நெடுக்குவாட்டில் பிளந்தால் உள்ளே வெள்ளையாக ஒரு உருவம் தெரியும். கரண்டி மாதிரி இருந்தால் பனியை அள்ளி மாளாத குளிர்காலம், கத்தி மாதிரி இருந்தால் வெட்டுகிற வாடை, முள்கரண்டி என்றால் இதமான குளிர் என்று ஊரில் சொல்வார்கள். நாங்கள் பிளந்தது கரண்டி. விறகு கூடுதலாகச் சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பினோம். ஐந்தே முக்காலுக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடுகிறது. மாலையில் மான்கள் சாலைக்குக் குறுக்கே ஓடும் காலம் இது. இவர் காரில் வரும் சத்தம் கேட்கும்வரை எனக்கு நிம்மதி இல்லை. மகள் பரீட்சை முடிந்து டிசம்பரில் வருகிறாள். எல்லாருமாகத் தை பிறந்ததும் ஊருக்கு வருகிறோம்.

இந்த வாரமே கயிறும் சாக்கட்டியும் எடுத்துக்கொண்டு போய்த் தூண்களின் உயரம், இடைவெளி, மேல்கல்லின் நீளம் எல்லாவற்றையும் அளந்து எழுதி அனுப்பு. மழை விட்ட நாளாகப் பார்த்துப் போ. படியெல்லாம் பாசியாக இருக்கும், அண்ணனையும் கூட்டிக்கொண்டு போ. நான்கு பக்கத்திலிருந்தும் படம் எடு. கிழக்குத் தூணில் யாளிக்குக் கீழே ஒரு சின்ன ஆமை செதுக்கியிருக்கும், அதைத் தனியாக எடு.

உன் அன்புத் தோழி