கடலோரக் கல்லூரி நூலகர்களுக்கு ஒரு திறந்த மடல்

மண்டபம் முதல் தொண்டி வரை உள்ள கல்லூரி நூலகர்களுக்கு,

வணக்கம். நானும் இந்தக் கரையில் விலங்கியல் நடத்துகிறவன்தான். போன பருவத்தில் என் மாணவி ஒருத்தி, சங்கு குளிக்கிற குடும்பத்துப் பெண், நூலகம் ஒன்றில் சென்னை மாகாண மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1914-இல் சங்கு பற்றி எழுதிய அறிக்கையைக் கேட்டாள். புத்தகம் வந்தது. ஜெராக்ஸ் மட்டும் கூடாதாம்: “காப்பிரைட் இருக்கும்மா, பார்த்து எழுதிக்கோ.” அட்டவணையை ரூல் நோட்டில் கோடு போட்டு எழுதிக்கொண்டு வந்தாள். தைத்திருந்த கம்பி துருப்பிடித்து, புரட்டப் புரட்ட ஓரம் பொடியாக உதிர்ந்ததாம்.

ஹார்னெல் இறந்தது 1949-இல். நம் சட்டப்படி எழுதியவர் இறந்தபின் 60 ஆண்டுகள்தான் உரிமை. அரசு வெளியீடு என்றால் வெளியான ஆண்டிலிருந்தே 60. எப்படிக் கணக்குப் போட்டாலும் அந்தப் பெண் பால்வாடிக்குப் போன காலத்திலேயே எல்லாம் தீர்ந்துவிட்டது. இல்லாத உரிமைக்கு நாம் காவல் இருக்கிறோம்.

உரிமை இன்னும் இருக்கிற நூல்களுக்கும் கதவு முழுக்க அடைபடவில்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைத் தயவுசெய்து ஒருமுறை முழுதாகப் படியுங்கள். சொந்தப் படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் நியாயமான அளவில் பயன்படுத்தலாம். பாடம் நடத்துவதற்காக ஆசிரியரோ மாணவரோ படி எடுக்கலாம். தில்லிப் பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடைமீது ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் போட்ட வழக்கே இதைப் பற்றியதுதான். 2016 டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, பாடத்துக்குத் தேவையா என்றுதான் பார்க்க வேண்டும், பக்கங்களை எண்ணக் கூடாது என்றது. மறு வருடம் பதிப்பகங்களே வழக்கைத் திரும்பப் பெற்றன. தில்லித் தீர்ப்பு நம்மூரைக் கட்டாதே என்பீர்கள். சரி, கட்டாது. 52-ஆம் பிரிவு கட்டுமல்லவா?

எனக்கு இதைவிடப் பெரிய கவலை உப்புக்காற்று. மதுரையில் நூறு வருடம் தாங்குகிற தாள் இங்கே தாங்காது. நூலகத்தில் அச்சுப்படி இருந்தால், பாதுகாப்புக்காக அதை மின்வடிவில் சேமிக்கலாம் என்று 2012-இல் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். இந்தியாவில் விலைக்குக் கிடைக்காத நூல் என்றால் நூலகப் பயன்பாட்டுக்கு மூன்று படிகள் வரை எடுக்கலாம். இந்தச் சலுகைகள் வணிக நோக்கில்லாத பொது நூலகங்களுக்குத்தானே, நாங்கள் அதில் வருவோமா என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். நியாயமான சந்தேகம். மீனவர்களும் பாசி எடுக்கும் பெண்களும் உள்ளே வந்து படிக்கலாம் என்று கல்லூரி முதல்வரிடம் ஓர் உத்தரவு வாங்குங்கள். சந்தேகத்தில் பாதி குறையும். எப்படியும் செய்ய வேண்டிய காரியம்தான் அது.

கடையில் கிடைக்கிற புதுப் பாடநூலை முழுக்க ஸ்கேன் செய்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறவர்களுக்காக நான் வக்காலத்து வாங்கவில்லை. அதைத் தாராளமாகத் தடுங்கள்.

அப்புறம் ஆய்விதழ்கள். அங்கே கையைக் கட்டுவது பெரும்பாலும் சந்தா ஒப்பந்தம். ஆய்விதழ்களுக்கு மத்திய அரசே மொத்தமாகச் சந்தா கட்டும் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் 2025-இல் வந்தது; ஆனால் அரசு நிறுவனங்களுக்குத்தான். சுயநிதிக் கல்லூரிப் பிள்ளைகள் வெளியே நிற்கிறார்கள். அவர்களுக்கு மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் இணையக் களஞ்சியத்தையாவது காட்டுங்கள். 1971-இல் கொச்சிக்குப் போகும்வரை மண்டபத்தில் தலைமையகம் வைத்திருந்த நிறுவனம். நம் கடலைப் பற்றிய எத்தனையோ கட்டுரைகளைக் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியம் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. இனி ஒரு மாணவரிடம் முடியாது என்று சொல்ல நேர்ந்தால், எந்தப் பிரிவின்படி என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். பிரிவு சரியாக இருந்தால் அந்தப் பிள்ளைக்கு நானே எடுத்துச் சொல்லி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு விலங்கியல் ஆசிரியர்,
கீழக்கரை