வட்டத்தை மட்டும் நம்பாதே, கண்ணு

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். கடலை வேரில் எடுத்த பாக்டீரியாவைச் சுற்றிப் மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை, கரைக்கும் நுண்ணுயிர்களைக் கண்டறியும் பிக்கோவ்ஸ்கயா ஊடகத்தில் தெளிவாக வட்டம் விழுந்திருக்கிறது. ரொம்ப சந்தோஷம். ஆனால் "மணிச்சத்தைக் கரைக்கும் பாக்டீரியா கிடைத்துவிட்டது" என்று நீ முடிவுகட்டியதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அந்தத் தட்டில் இருப்பது ட்ரைகால்சியம் பாஸ்பேட், அதாவது கால்சியத்தோடு பிணைந்த மணிச்சத்து. கொஞ்சம் அமிலம் சுரந்தாலே அது கரைந்துவிடும். நம் செம்மண்ணிலோ மணிச்சத்து பெரும்பாலும் இரும்போடும் அலுமினியத்தோடும் பிணைந்து கிடக்கிறது. சுண்ணாம்பு அதிகமுள்ள கரிசலில் சுரக்கும் அமிலமே வலுவிழந்துபோகும். இரும்பு பாஸ்பேட், அலுமினியம் பாஸ்பேட் போட்டும் வளர்த்துப் பார். அப்புறம் தொட்டியில் செடி வைத்துப் பார், அதுவும் கிருமி நீக்காத வயல் மண்ணில். அங்கே ஏற்கெனவே குடியிருக்கும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்களோடு போட்டியிட்டு உன் பாக்டீரியா வேரில் நிலைக்கிறதா என்பதுதான் கேள்வி.

மண் எடுக்கும் விதமும் முக்கியம். வேர்ச்சூழல் மண்டலம் என்று ஜெர்மன் விஞ்ஞானி ஹில்ட்னர் 1904-ல் சொன்னது, வேர்க் கசிவு எட்டும் சில மில்லிமீட்டர் மண்ணைத்தான். செடியைப் பிடுங்கி லேசாக உதறு. உதிர்வதை விட்டுவிடு, வேரில் ஒட்டி நிற்பதே உனக்கு வேண்டியது. அதில் 10 கிராமை 90 மில்லி தண்ணீரில் கலக்கித் தொடங்கு. வரிசைக்கு நடுவே உள்ள மண்ணையும் ஒப்பிட எடுத்துக்கொள்.

எனக்குப் பெரிய கவலை வேறு. நுண்ணுயிர் உரப் பொட்டலத்தை நம் விவசாயி அரிசிக் கஞ்சியில் குழைத்து வெறுங்கையால் விதையில் பூசுவார். நீ தேர்ந்தெடுப்பது அவர் கைக்குத்தான் போகிறது. கிங்ஸ் பி என்ற ஊடகத்தில் புற ஊதா ஒளியில் ஒளிர்வதெல்லாம் பயிருக்கு உதவும் சூடோமோனாஸ் ஃப்ளூரசன்ஸ் அல்ல, அதே பேரினத்தில் நோயாளிகளைத் தாக்கும் ஏருஜினோசாவும் அப்படி ஒளிரும். 42 டிகிரியில் வளர்ந்தால் சந்தேகப்படு. பேசில்லஸ் என்ற பேரினத்திலும் உணவை நஞ்சாக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற இனம் இருக்கிறது. பாக்டீரியாவை அடையாளம் காணப் படிக்கும் 16எஸ் மரபணு வரிசை பேரினத்தைச் சொல்லும், ஆனால் பேசில்லஸின் நெருங்கிய இனங்களை அதை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. நெருங்கிய இனங்களைப் பிரித்துக் காட்ட உதவும் ஜைர்-பி மரபணுவையும் படித்துவிடு. செலவைப் பற்றி யோசிக்காதே, நான் அனுப்புகிறேன்.

கிணற்றுமேட்டுக் கடலை இப்போது பூவெடுத்திருக்கிறது. மண்ணில் ஈரமும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வருவதானால் ஐஸ் பெட்டியோடு வா, காலையிலேயே பிடுங்கிவிடலாம்.

அன்புடன்,
அப்பா