வெள்ளைக்கல் ஊரில் ஒரு மெக்னீசியம் பரிசோதனை

என் தம்பிக்குப் புற்றுநோய்ச் சிகிச்சை தரும் சேலம் மருத்துவமனையின் நிர்வாகத்தாருக்கு, வணக்கம்.

தம்பியின் ஃபைல் உங்களிடம் இருக்கிறது, அதனால் முதலிலிருந்து ஆரம்பிக்கவில்லை. நிணநீர்ப் புற்றுநோய் திரும்ப வந்து, சிஸ்பிளாட்டின் என்ற மருந்து சேர்ந்த கீமோ ஓடிக்கொண்டிருக்கிறது. போன மாதம் மூன்றாவது சுற்று முடித்து ஏற்காடு வந்த நாலாம் நாள் காலை, காபி டம்ளரைப் பிடித்த கை அப்படியே கோணிக்கொண்டது. கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்க, மற்ற விரல்கள் குவிந்து நின்றன. "அண்ணா, விரலைப் பிரிச்சு விடுண்ணா" என்றான். பிரித்து விட்டால் திரும்ப மடங்கியது. இருபது கொண்டை ஊசி வளைவும் அந்தக் கையைப் பிடித்தபடியே இறங்கினேன்.

உங்களிடம் ரத்தம் எடுத்தார்கள். பொட்டாசியம் 2.7, ரொம்பக் குறைவு. டிரிப் ஏற்றினார்கள். மறுநாள் 2.8. மறுபடி டிரிப். பொட்டாசியம் ஏறும்போது நரம்பு எரியும், துண்டைக் கடித்துக்கொண்டு கிடந்தான். மூன்றாம் நாளும் 2.7. அன்று இரவு டியூட்டிக்கு வந்த பயிற்சி மருத்துவர், சின்னப் பெண், ஃபைலைப் புரட்டிவிட்டு "மெக்னீசியம் பார்க்கலையா?" என்று கேட்டார். பார்க்கவில்லை. அந்தப் பரிசோதனை இங்கே செய்வதில்லை, வெளியேதான் அனுப்ப வேண்டும் என்றது லேப். மறுநாள் ஞாயிறு. திங்கள் மதியம் ரிசல்ட் வந்தது: 0.9. 1.7க்குக் குறையக் கூடாத அளவு அது.

நான் ஓய்வு பெற்ற வேதியியல் வாத்தியார். மெக்னீசியம் நாடாவை எரித்துக் காட்டியே காலம் தள்ளியவன், மருத்துவம் படித்தவனில்லை. ஆனாலும் சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைத் தாக்கி மெக்னீசியத்தை வெளியேற்றும் என்பதும், மெக்னீசியம் இல்லாமல் சிறுநீரகத்தால் பொட்டாசியத்தைப் பிடித்து வைக்க முடியாது என்பதும் உங்களுக்குத் தெரியாததா? மூன்று நாள் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றியிருக்கிறோம். இதயத் துடிப்பு தாறுமாறாகப் போகாமல் விட்டது எங்கள் அதிர்ஷ்டம்.

கேட்பது ஒன்றுதான். ரத்தப் புற்றுநோய், நிணநீர்ப் புற்றுநோய் நோயாளிகளுக்குச் சோடியம், பொட்டாசியம் பார்க்கும்போதே மெக்னீசியமும் பாருங்கள். ரிசல்ட்டை அன்றைக்கே கொடுங்கள்.

மெக்னீசியம் குறைந்தால் புற்றுநோய் வரும் என்று நான் சொல்லவில்லை. மெக்னீசியம் நிறைந்த பூசணி விதை தின்றால் ரத்தப் புற்று ஓடிவிடும் என்று வாட்ஸ்அப்பில் அனுப்பும் சொந்தக்காரர்கள் எனக்கும் இருக்கிறார்கள். ஆனால் 2022இல் சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்டதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். புற்றுச் செல்லைக் கொல்லும் டி செல்களுக்கு, அதாவது உடம்பின் எதிர்ப்புச் செல்களுக்கு, அதன்மேல் இறுகப் பற்றிக்கொள்ளவே சுற்றிலும் போதிய மெக்னீசியம் வேண்டுமாம். நோயாளியின் டி செல்களையே வெளியே எடுத்து, புற்றைத் தாக்கும்படி மாற்றித் திரும்ப ஏற்றும் கார்-டி சிகிச்சை பெற்றவர்களில் ரத்தத்தில் மெக்னீசியம் குறைவாக இருந்தவர்களுக்குப் பலனும் குறைவாகவே கிடைத்திருக்கிறது. மெக்னீசியம் ஏற்றினால் பிழைப்பார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை, சரி. இருக்கிறதா இல்லையா என்று பார்க்கவாவது வேண்டாமா?

இதெல்லாம் எந்த ஊரில் நடக்கிறது என்பதுதான் வேடிக்கை. மலைப் பாதையிலிருந்து பார்த்தால் கீழே வெள்ளை வெளேரென்று குவிந்து கிடப்பது மெக்னீசியம் கார்பனேட். நாங்கள் வெள்ளைக்கல் என்போம், ஆங்கிலத்தில் மேக்னசைட். ரயில் நிலையத்துக்கே மேக்னசைட் ஜங்ஷன் என்று பெயர். உருக்காலை உலைச் செங்கலுக்கு லாரி லாரியாக மெக்னீசியம் போகிற ஊரில், ஒரு மனுஷன் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல ஆளில்லை. உங்கள் வாசலில் நீரூற்று இருக்கிறது, இரவில் கலர் கலராக விளக்கெரிகிறது. நன்றாகத்தான் இருக்கிறது.

மருந்தாவது கிடைக்காத மருந்தா? அதே கட்டிடத்தின் பிரசவ வார்டில், கர்ப்பிணிகளுக்கு வலிப்பு வராமல் இருக்கப் போடும் மெக்னீசியம் சல்பேட்தான். நர்ஸம்மா படியிறங்கிப் போய் எடுத்து வந்தார். அன்று சாயங்காலமே விரல்கள் பிரிந்தன. மறுநாள் பொட்டாசியம் 3.4.

கோபத்தில் ஏதாவது கூடக் குறைய எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மருத்துவர்கள் மேல் எங்களுக்கு மரியாதை உண்டு, அந்தப் பயிற்சி மருத்துவர் மேல் கொஞ்சம் கூடுதலாகவே. வருகிற பதினெட்டாம் தேதி நாலாவது சுற்றுக்கு முதல் பஸ்ஸில் வருகிறோம். அன்று எழுதித் தரும் லேப் சீட்டில் மெக்னீசியத்தையும் தயவுசெய்து சேர்த்து எழுதுங்கள். எங்களுக்கு மட்டுமல்ல, அந்த வரிசையில் உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும்.

இப்படிக்கு,
ஏற்காட்டிலிருந்து ஒரு நோயாளியின் அண்ணன்