மோட்டார் பங்கு வேண்டாம்

பொகவந்தலாவை

அன்பு மகனுக்கு,

தண்ணி மோட்டார் வாங்கி, உன் கூட்டாளியோட மாணிக்கக்கல் குழியில பங்கு சேர காசு அனுப்பவான்னு கேட்டியே, அனுப்பாதே. அப்பாவுக்கும் இதே எண்ணம்தான். போன்ல சொன்னா சண்டையாகும்னு எழுதுறேன்.

கல்லே கிடைக்காதுன்னு சொல்லல. கெசல்கமு ஓயா ஓரத்துல இல்லம், அதான் கல்லு இருக்குற மண்ணு, தட்டுப்பட்டா ஆம்பளைங்க காலையில வேலைக்குப் பேரு குடுக்குற பெரட்டுக்கே வர்றதில்ல. 2024ல கூட்டினப்போகூட நாள் சம்பளம் 1,350 ரூபாதான் ஆச்சு, கொழுந்து கிலோ குறைஞ்சா அரைப்பேருன்னு பாதிச் சம்பளம்தான். ராத்திரி குழியில இறங்குறவனை நான் குத்தம் சொல்ல மாட்டேன்.

பங்கு பிரிக்கிற இடத்துலதான் வினை. வெட்டுறவன், மோட்டார்க்காரன், செலவுக்குப் போடுறவன்னு ஆளுக்கொரு பங்கு. லைசன்ஸ் குழின்னா கேள்வி கேக்க வழியிருக்கு. இது திருட்டுக் குழி. கல்லைக் கொண்டுபோனவன் வந்து "இவ்வளவுக்குத்தான் போச்சு"ன்னா அதுதான் விலை. போலீசுக்குப் போனா தோண்டினவனைத்தான் பிடிப்பாங்க. மேல் லயத்து வரிசை வீட்டு அண்ணன் தம்பி அப்படி ஒரு கல்லுக்காகப் பேச்சை விட்டு, காமன் கூத்துத் திருவிழாவுக்குக்கூட ஒண்ணா நிக்கல. யாராவது பிடிபட்டா, காட்டிக்கொடுத்தது யாருன்னு லயமே ஒருத்தரை ஒருத்தர் முறைக்குது. ஹட்டன் கோர்ட்டுல தண்டம் கட்ட அடகுக்குப் போறது பொம்பளைங்க நகைதான்.

பத்தாம் வகுப்புப் பையன்களும் கல்லு தேடிக் கூடையில மண்ணு அலசப் போறானுங்க. கையில காசு பார்த்தவன் ஓ.எல். பரீட்சை எழுத உக்காருவானா?

லைசன்ஸ் குடுக்கிறப்போ, குழியை மூடணும்னு முன்பணம் வாங்கி வைப்பாங்களாம். இங்க யாரு மூடுறது? மழைத்தண்ணி தேங்கிக் கிடக்குது, சின்னப் பிள்ளைங்களைத் தனியா அனுப்பப் பயமா இருக்கு. தேயிலை வேரு வெளிய தெரியுது. மண்ணு கரைஞ்சு ஓயாவோட காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குப் போகுது. செடி செத்த மலையில எங்களுக்கு யாரு வேலை குடுத்துப் பேரு போடுவா?

"ஒரு கல்லு போதும், வீடு கட்டிடலாம்"னு உன் கூட்டாளி சொல்வான். எனக்குத் தெரிஞ்சு வீடு கட்டினது கல் வாங்கினவங்க. தோண்டினவங்க இன்னும் லயத்துலதான் இருக்காங்க.

காசு இருந்தா தங்கச்சி டியூஷனுக்கு அனுப்பு, ரெண்டு மாசம் பாக்கி. கூட்டாளிகிட்ட நீ ஒண்ணும் பேசாதே, நானே சொல்லிக்கிறேன். தீபாவளிக்கு லீவு இப்பவே கேட்டு வை.

அம்மா