காத்தாடி சிவந்த கதை

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகப்போகிறது, பதிலே இல்லை என்று கோபித்துக்கொள்ளாதே. படகைக் கரையேற்றிவிட்டுத் தேங்காய்த்திட்டிலேயே கிடந்தேன். அக்காவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பொங்கல் சமயத்தில் இன்ஜினை ஓட்டிப் பார்த்தபோது பின்பக்கம் ஒரு நடுக்கம். மழை முழுக்கச் சும்மா கட்டிக்கிடந்த படகு, தண்ணீருக்கடியில் சுழன்று படகைத் தள்ளும் காத்தாடியில் கொட்டலசு, அதுதான் ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் கடல் உயிர், பிடித்திருக்கும், சுரண்டினால் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தேன். கொட்டலசும் இருந்தது. சுரண்டிய பிறகு பார்த்தால் இறக்கை ஓரமெல்லாம் இளஞ்சிவப்பு, புளி போட்டுத் தேய்த்த குத்துவிளக்கு மாதிரி. அழகாகத்தான் இருந்தது, ஸ்க்ரூடிரைவர் நுனியால் கீறினேன் பாரு, பொடிப்பொடியாக உதிர்ந்தது. அம்மா சந்தையில் பானையைத் தட்டிப் பார்த்து வாங்குவாளே, அப்படிச் சின்னச் சுத்தியலால் தட்டினேன். மூன்று இறக்கையில் ஒன்றுதான் கணீரென்றது, மற்ற இரண்டும் சொத்து சொத்தென்று விரிசல் விட்ட சட்டி.

காத்தாடி ஏன் இப்படி அரித்தது என்று அங்கே யாரைக் கேட்டாலும் "கரண்ட் லீக் அண்ணே" என்கிறார்கள். ஒருநாள் முழுக்க மீட்டரும் கையுமாகக் குனிந்து கிடந்தேன். அடித்தளத் தண்ணீர் இறைக்கும் பம்ப் ஒயரில் டேப் சுற்றிய ஒரு ஜாயின்ட் நனைந்து கிடந்தது, அதை மாற்றினேன். ஆனால் குற்றவாளி அது இல்லை. காத்தாடியைச் சுழற்றும் கம்பியான ஷாஃப்டில் மாட்டியிருந்த ஜிங்க் (துத்தநாகம்) கட்டி இரண்டு வருஷம் ஆகியும் புத்தம்புதிதாக இருந்தது! காத்தாடிக்குப் பதிலாகக் கரைய வேண்டியது அதுதானே, அது கரையவே இல்லை. ஏன் என்றால், போன தடவை அடிப்பக்கத்துக்குப் பெயின்ட் அடித்த மகானுபாவன் பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று ஜிங்க் மேலும் இரண்டு கோட் இழுத்துவிட்டான். அந்த மகானுபாவன் நான்தான். சிரிக்காதே.

வெண்கலம் என்று சொல்லித்தான் அந்தக் காத்தாடியை விற்றார்கள். மாங்கனீஸ் வெண்கலம் என்பது பெயருக்குத்தான் வெண்கலம், உள்ளே நூற்றுக்கு நாற்பது பங்கு வரை துத்தநாகம், ஆக அது பித்தளை. வெளியே காவலுக்கு ஜிங்க் இல்லையென்றால் கடல்தண்ணீர் உள்ளே இருக்கும் துத்தநாகத்தை உறிஞ்சிக்கொண்டு வெறும் செம்புச் சக்கையை விட்டுவைக்கும். போதாததற்கு நம் முகத்துவாரத்தில் ஐப்பசி, கார்த்திகையில் அரியாங்குப்பம் ஆற்று வெள்ளம் வந்து தண்ணீர் பாதி நல்லதண்ணீராகிவிடுகிறது. அதில் ஜிங்க் மேல் ஒரு தோல் படிந்து வேலையை நிறுத்திவிடும். இனி அலுமினியக் கட்டிதான் மாட்டப்போகிறேன், இரண்டு தண்ணீருக்கும் அது ஒத்துவரும். ஷாஃப்டைப் பளபளவென்று தேய்த்துவிட்டு மாட்ட வேண்டும், பாதி கரைந்ததும் மாற்ற வேண்டும், பிரஷைப் பக்கத்திலேயே கொண்டுபோகக் கூடாது.

ஒரு வேடிக்கை கேள். 1824-ல் ஹம்ப்ரி டேவி, பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் அடியில் அடித்த செம்புத் தகட்டைக் காப்பாற்ற இரும்பையும் துத்தநாகத்தையும் சேர்த்துவைத்தார். தகடு பிழைத்துக்கொண்டது. ஆனால் செம்பு கரைவது நின்றதும் அதன் விஷமும் நின்றுபோய்க் கொட்டலசு குடியேறிவிட்டது. அப்படியென்றால் என் கட்டி ஒழுங்காக வேலை செய்தால் நான் அடிக்கடி முங்கிச் சுரண்ட வேண்டிவரும். தேவனாம்பட்டினத்தில் நீ எனக்கு முங்கக் கற்றுக்கொடுத்தது இப்போதுதான் உருப்படியாகப் பயன்படப்போகிறது.

பழைய காத்தாடியைப் பற்றவைத்துத் தரலாமா என்று நீ கேட்பாய், வேண்டாம். சக்கையான இடத்தில் பற்று நிற்காது. நிக்கல் அலுமினிய வெண்கலத்தில் புதிதாக ஒன்று சொல்லியாகிவிட்டது, காசு கரைந்தாலும் இது கரையாது என்று நம்புகிறேன்.

உன் பட்டறைக்கு ஒரு வேலை இருக்கிறது. ஷாஃப்ட் எவர்சில்வர்தான், இருந்தாலும் அது நுழைந்து வெளியே போகும் குழாய்க்குள் தேங்கிய தண்ணீரில் காற்றுப் படாமல் கிடந்த இடத்தில் குண்டூசி அளவுக்கு இரண்டு மூன்று குழி தெரிகிறது. ஆழம் எவ்வளவு, கடைந்து சரிபண்ண முடியுமா, மாற்றத்தான் வேண்டுமா, நீ லேத்தில் போட்டுப் பார்த்துச் சொல். ஞாயிற்றுக்கிழமை காலை முதுநகருக்கு எடுத்துக்கொண்டு வருகிறேன். ஆறடிக் கம்பி, பஸ்ஸில் கண்டக்டர் ஏற்றுவாரா தெரியவில்லை, ஏற்றாவிட்டால் மீன் வண்டியில் வருகிறேன், வீட்டில் சொல்லிவை.

உன்
பழைய பெஞ்சுக்காரன்